நாற்பது கேலன் தண்ணீரும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும்

பாலைவனத்துக்குப் போகிறோம், மூன்று நாள் யாரும் குளிக்க முடியாது என்றார் முரளி. குளித்துவிட்டுத்தான் மறுவேலை என்று நான் அப்போதே மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

முரளி என் தங்கை சுதாவின் கணவர். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் வீடு. பன்னிரண்டு வயதில் தாரா என்று ஒரு பெண். நான் சென்னையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்து அவர்கள் மாடியறையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் போய் இது இரண்டாவது தீபாவளி. போன வருஷம் பண்டிகை கிடையாது. இந்த வருஷமும் அந்த ஃபிளாட்டில் தனியாக உட்கார்ந்து பக்கத்து வீட்டு வெடிச்சத்தத்தைக் கேட்க வேண்டாம் என்று சுதாதான் டிக்கெட் போட்டு அழைத்தாள்.

முரளியிடம் ஒரு டிரெய்லர் இருக்கிறது. சக்கரம் வைத்த ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உண்டு. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவார். வழக்கமாகப் போகும் இடங்களில் குழாயும் கரண்டும் இருக்கும். இந்தத் தடவை மேற்கு டெக்சாஸில் யாரோ ஒருவரின் பண்ணை நிலம், குழாய் இல்லை, கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. "கம்ப்ளீட்லி ஆஃப் கிரிட், அக்கா" என்று அதை ஒரு பட்டம் வாங்கியதுபோலச் சொன்னார். டிரெய்லரின் வயிற்றில் நாற்பது கேலன் தொட்டி ஒன்று. அதுதான் மொத்தத் தண்ணீர். கைக்கு வெட் வைப்ஸ், சாப்பிடப் பேப்பர் தட்டு, பாத்திரம் துடைக்க டிஷ்யூ.

தண்ணீர் விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க முடியாது. எங்கள் அபார்ட்மென்டில் எட்டு வருஷம் தண்ணீர் கமிட்டி நான்தான். கோடையில் லாரி வந்தால் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். முக்கால் லாரியை முழு லாரி என்று விற்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் ரிவர்ஸ் எடுத்திருக்கிறார்கள். நாற்பது கேலன் என்றால் பத்துப் பன்னிரண்டு குடம். நான்கு பேர், மூன்று நாள். போதாது என்றேன். போதும் என்றார் முரளி, யூடியூபில் பார்த்தாராம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முரளியின் அம்மா சென்னையிலிருந்து போன் பண்ணினார். சுதா தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு. அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கிழமை விடிகாலை எண்ணெய் வெச்சுக் குளிச்சுடுங்க."

"திங்கக்கிழமை இல்ல தீபாவளி? முரளி ஆபீஸ்ல மண்டேதானே செலிபரேட் பண்றாங்க?"

"அது வடக்கத்திக்காரங்களுக்குடீ. நமக்கு இந்த வருஷம் ஒரு நாள் முன்னாடியே வருது."

சுதா தலையில் கை வைக்கப் போய் மாவு ஞாபகம் வந்து நிறுத்தினாள். ஆபீஸ் காலண்டரைப் பார்த்து, திங்கட்கிழமைக்குள் திரும்பிவிடலாம் என்று முரளி இடம் பிடித்துவிட்டார். ஞாயிறு விடியும்போது நாங்கள் பாலைவனத்தில் இருப்போம். மாமியார் அத்தோடு விடவில்லை, அடுத்து என் பெயரை எடுத்தார்.

"எங்க இருந்தாலும் தலைக்கு எண்ணெய் வெச்சாகணும். இன்னொண்ணு சுதா. மாலதி பாவம், தண்ணி கிண்ணி எல்லாம் அவ பார்த்துக்கட்டும். எண்ணெய் மட்டும் நீ வெச்சுடு. சுமங்கலி கையால வெச்சாத்தான் நல்லது. அவகிட்ட எதுவும் சொல்லிக்காத, மனசு கஷ்டப்படும்."

"சரி அத்தை" என்று சுதா முழங்கையால் போனை அணைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் பீன்ஸை நறுக்கி முடித்தேன். வழக்கத்தைவிடப் பொடியாக நறுக்கியிருந்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தண்ணீர் சுமக்க நான் வேண்டும், தலையைத் தொட நான் கூடாது. சரி, தண்ணீரும் நான் கொண்டுபோவேன், எண்ணெயும் நான்தான் வைப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டது இவ்வளவுதான்.

மறுநாள் காலை கராஜில் முதல் சண்டை. கடையிலிருந்து நான்கு நீல நிறக் கேன்கள் வாங்கி வரச் செய்திருந்தேன். ஒவ்வொன்றும் ஏழு கேலன் பிடிக்கும், நம் கணக்கில் இரண்டு குடம். அவற்றை நிரப்பிப் பிக்கப்பின் பின்பக்கம் வைத்துக் கயிறு கட்டினேன்.

"அக்கா, இது ரொம்ப வெயிட். மைலேஜ் போயிடும். எதுக்கு எக்ஸ்ட்ரா?"

"தீபாவளிக்கு."

"அங்க தலையில லைட்டா தண்ணி தெளிச்சுக்கலாம்க்கா" என்றாள் சுதா.

"தலையில தண்ணி தெளிக்கறதுக்கு நாம என்ன கும்பாபிஷேகத்துக்கா போறோம்?" என்றேன். தாரா சிரித்தாள். சிரித்ததற்கு அவள் அம்மாவிடம் முறைப்பு வாங்கினாள். பெட்டியில் நல்லெண்ணெய், சீயக்காய்த்தூள், லேகியம், சென்னையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் மக் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இந்த நாட்டில் வானத்தை முட்டும் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், பாத்ரூமுக்கு ஒரு மக் செய்யத் தெரியவில்லை.

வழியெல்லாம் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். ஒரு பெட்ரோல் பங்க்கில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோ வாங்கினார்கள். உப்புமில்லை உறைப்புமில்லை என்று நான் மிளகாய்ப்பொடியைத் தூவ, அதற்கப்புறம் மூவரும் என் பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார்கள். ஊருக்குப் பின் ஊர் குறைந்து, மரம் குறைந்து, கடைசியில் வானம் மட்டும் மிச்சமிருந்தது. பண்ணைக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம். நம் ஊரில் கோர்ட் வரைக்கும் போய் வெட்டச் சொல்லும் அதே முள்மரத்தின் சொந்தபந்தம். இங்கே அதற்கு மெஸ்கீட் என்று பெயர். அதன் விறகில் சுட்ட கறிக்குத் தனி ருசி என்று பெருமை வேறு.

டிரெய்லரை நிறுத்தி, மட்டம் பார்த்து, முரளி உள்ளே போய் சிங்க் குழாயைத் திறந்தார். பம்ப் கடகடவென்று ஓடியது. குழாய் இரண்டு தும்மல் போட்டது. தண்ணீர் வரவில்லை.

முரளி வெளியே ஓடி வந்து டிரெய்லருக்கு அடியில் படுத்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. போன வாரம் தொட்டியைக் கழுவுவதற்காக அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்திருக்கிறார். பாதி மூடி, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். வண்டியின் குலுக்கலில் அது முழுக்கத் திறந்துகொண்டது. கேட்டியிலிருந்து ஃப்ரீவே முழுக்க வாசல் தெளித்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

"ஒரு கோலமும் போட்டிருக்கலாம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தாரா மட்டும் இங்கிலீஷில், "பெரிம்மா இல்லேன்னா நாம இன்னிக்கு தாகத்துலயே செத்திருப்போம்" என்றாள். என் நான்கு கேன்களைத்தான் இறக்கினார்கள்.

அன்றிரவு அந்தத் தண்ணீரில்தான் சோறும் ரசமும். முரளிக்கு முகம் செத்துப்போயிருந்தது. "இனிமே இது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஆயில் பாத் கேன்சல்க்கா, ஸாரி" என்றார். சுதா சட்டென்று, "பரவாயில்லைங்க, ஊருக்குப் போய்க் குளிச்சுக்கலாம்" என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. தண்ணீர் இல்லையென்றால் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லையென்றால் என்னிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கையை எனக்கு அவள் பிறந்த நாளிலிருந்து தெரியும். "கேன்சல் பண்ண இது என்ன ஃபிளைட்டா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, நிலத்துக்குச் சொந்தக்காரி டோனா ஒரு பழைய டிரக்கில் வந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், தொப்பி, வாய் நிறைய சூரியகாந்தி விதை. டிரக்கின் பின்னால் பெரிய வெள்ளைத் தொட்டி ஒன்று காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் கிணற்றுத் தண்ணீர் உப்பாம். வாரம் ஒரு தடவை டவுனுக்குப் போய்ப் பிடித்து வருவாளாம். எனக்கு அந்தத் தொட்டியைப் பார்த்ததும் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டதுபோல இருந்தது.

"நானும் வரட்டுமா? நாளைக்குக் குளிக்க எங்களுக்கும் தண்ணீர் வேண்டும்" என்று கேட்டேன். என் இங்கிலீஷ் லாரிக்காரர்களிடம் நான் பேசும் தமிழ் மாதிரி, சுற்றி வளைக்காது.

"ஏறு" என்றாள் டோனா.

"அக்கா, யாரு என்னன்னு தெரியாது, தனியாவா போற? முரளி போகட்டும்" என்றாள் சுதா. முரளி அப்போது வடிகால் மூடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். இரண்டு தடவை சாத்த வேண்டியிருந்தது, பழைய வண்டி.

போகும் வழியில் டோனா நிறையப் பேசினாள். அவள் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன். "ரெண்டு புருஷனைப் புதைச்சாச்சு. இப்ப மூணாவதா ஒருத்தன், சனிக்கிழமையானா டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போறான். முழங்கால்தான் ஒத்துழைக்க மாட்டேங்குது."

"ஊரில் எதுவும் சொல்ல மாட்டார்களா?"

"சர்ச்ல பேசுவாங்க. இந்த வண்டி போடற சத்தத்துல எனக்குக் காது கேட்காது."

நாளைக்கு என்ன அவ்வளவு அவசரக் குளியல் என்று கேட்டாள். பண்டிகை, எண்ணெய், வெந்நீர் எல்லாம் சொன்னேன். புருஷன் உயிரோடு இருப்பவள்தான் எண்ணெய் வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள், அதையும் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. டோனா விதைத் தோலை ஜன்னல் வழியே துப்பிவிட்டு, "சுத்த முட்டாள்தனம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரை நான் திட்டலாம், இவள் யார் திட்டுவதற்கு? "உங்கள் சர்ச் பெண்களைவிட எங்கள் சம்பந்தியம்மா எவ்வளவோ மேல், நேரில் சிரித்துப் பேசுவார்" என்றேன். அவள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

டவுன் என்று சொன்னார்களே தவிர, நான்கு கடையும் ஒரு சிக்னல் விளக்கும்தான். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, காசு போட்டால் மேலேயிருந்து தடித்த குழாயில் தண்ணீர் கொட்டும். முன்னால் ஒரு மெக்ஸிகன் குடும்பம், தள்ளுவண்டியில் பாட்டில்களாக அடுக்கியிருந்தார்கள். யாரும் முண்டியடிக்கவில்லை, குடத்தை வைத்து இடம் பிடிக்கவில்லை, ஒருத்தர் குடும்பத்தை இன்னொருத்தர் இழுக்கவில்லை. எனக்குச் சப்பென்று இருந்தது. ஆனால் டோனா தொட்டி மேல் ஏறி மூடியைத் திறந்து, விளிம்பு வரைக்கும் நிறைகிறதா என்று எட்டிப் பார்த்தபோது இவள் நம்ம ஆள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

திரும்பி வந்து, எங்கள் டிரெய்லருக்குப் பக்கத்தில் இருந்த மேட்டில் டிரக்கைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தினாள். தொட்டி மேலே, டிரெய்லர் கீழே. முரளி தன் குட்டி மோட்டாரை எடுத்து வந்து மாட்டினார். அது ஒரு நிமிஷம் உறுமிவிட்டு ஃபியூஸ் போய் நின்றது. பச்சைக் குழாயை எடுக்கப் போனார், அது தோட்டத்துக்கு, ரப்பர் நாற்றம் அடிக்கும் என்று நான் பிடுங்கி வைத்துவிட்டு, குடிதண்ணீருக்கென்று இருந்த வெள்ளைக் குழாயைக் கொடுத்தேன். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்க மோட்டார் எதற்கு? டோனா மேலே வால்வைத் திறந்தாள். நான் டிரெய்லரின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்து குழாய் நுனியைத் தொட்டியின் வாய்க்குள் விட்டுப் பிடித்துக்கொண்டேன்.

முழுக்கச் செருகினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீரை முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. இதை நான் முகத்தால்தான் கற்றுக்கொண்டேன். புடவை தொப்பலாக நனைந்தது. பிறகு கொஞ்சம் வெளியே இழுத்துச் சாய்த்துப் பிடித்தேன், தொட்டி மடக் மடக்கென்று குடித்தது. முரளி கீழே படுத்து, வடிகால் மூடிக்கு அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு சொட்டு இல்லக்கா!" என்று அவர் கத்தியதில் முந்தின நாளிலிருந்து சுமந்த பாரம் இறங்கியது தெரிந்தது. தாரா உள்ளேயிருந்து, "ஒன் தேர்ட்... டூ தேர்ட்ஸ்... ஃபுல்!" என்று தொட்டியின் அளவு காட்டும் விளக்கு ஒவ்வொன்றாக எரிய எரியக் கத்தினாள். கேன்களையும் நிரப்பிக்கொண்டேன். சுதா மட்டும் வெளியே வராமல் உள்ளே எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியல். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது, நல்ல குளிர். டிரெய்லருக்கு வெளியே அடுப்பில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதித்தது. உள்ளே குளிக்க முடியாது, சீயக்காய் போனால் கழிவுத் தொட்டி அடைத்துக்கொள்ளும். அதனால் டோனாவிடம் கேட்டுக்கொண்டு ஒரு கருவேலமரத்தடியில் கூடாரம் கட்டியிருந்தோம். கார் கழுவும் வாளியைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, நாலு மிளகு போட்டுக் காய்ச்சி, கையில் எடுத்தேன்.

சுதா வந்து கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். "குடுக்கா, நான் வெக்கிறேன்."

"ஏன்?"

"நீ டயர்டா இருப்ப."

"உங்க அத்தை சொன்னதை நான் கேட்டேன் சுதா. பீன்ஸ் நறுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "அத்தை கேட்பாங்கக்கா..."

"இங்க சிக்னலே இல்ல. யாரு பார்க்கறா?"

முரளியும் தாராவும் போர்வையைப் போர்த்திக்கொண்டு படியில் நின்றிருந்தார்கள். சுதாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "எனக்கே பயமா இருக்குக்கா. அத்தை இல்ல, எனக்கே. முரளிக்கு ஏதாவது ஆயிடுமோன்னு... நான் படிச்சவதான், தெரியுது, ஆனா பயமா இருக்கு."

மாமியார் சொன்னது வலித்ததைவிட இது பத்து மடங்கு வலித்தது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி வரை, எண்ணெய் கண்ணில் வழிகிறது என்று சிணுங்கிக்கொண்டே ஒருவர் என் முன்னால் தலை குனிந்து உட்காருவார். இதே கையால்தான் வைத்தேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"என் கை பட்டா உன் புருஷன் செத்துடுவானா? நேத்து இந்தக் கையால பிடிச்ச தண்ணியத்தானே மூணு பேரும் குடிச்சீங்க? அந்தத் தண்ணியில சோறு பொங்கினப்ப பயம் வரலையா? தண்ணின்னா நான் வேணும், எண்ணெய்னா வேண்டாமா? இத பார், எனக்கு யார் வெச்சாலும் வெக்காட்டியும் இன்னிக்கு தீபாவளி."

மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் தலையில் நானே உச்சியில் எண்ணெயை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தேன். எழுந்து கூடாரத்துக்குள் போனேன். முதல் தண்ணீர் எனக்கு. சீயக்காயின் வாசனையில் டெக்சாஸ் முழுவதும் மறந்துபோனது. ஒரு வாளியோடு நிறுத்தவில்லை, இரண்டாவதையும் ஊற்றிக்கொண்டேன். யாரும் சிக்கனம் என்று வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று நிதானமாக மக் மக்காக ஊற்றினேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் அதெல்லாம் தெரியாது.

புதுப்புடவை கட்டி, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் சுதா உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்துவிட்ட தலை, மடியில் எண்ணெய்க் கிண்ணம். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கிண்ணத்தை மட்டும் தூக்கி நீட்டினாள்.

"ஆறிப்போறதுக்குள்ள வெய்க்கா."

வைத்தேன். உச்சந்தலையில் கை பட்டதும் அவள் தோள் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. மெதுவாக எல்லாம் தேய்க்கவில்லை, கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "வலிக்குதுக்கா" என்றாள். "வலிக்கட்டும்" என்றேன். அவளுக்கப்புறம் முரளி, அவருக்கப்புறம் தாரா வரிசையில் வந்தார்கள். தாராவுக்கு எண்ணெய் கண்ணில் வழிந்து, "இது சைல்ட் அப்யூஸ்" என்று கத்தினாள். எல்லோரும் குளித்த தண்ணீர் கருவேலமரத்துக்குப் போனது. நம் ஊரில் யாராவது பார்த்தால் என்னை அடிக்க வருவார்கள்.

லேகியம், மைசூர்பாகு, இட்லி எல்லாம் முடித்து, டோனாவுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். லேகியத்தை அவள் முகர்ந்து பார்த்துவிட்டு மாட்டுக்குக் கொடுக்கிற மருந்தா என்று கேட்டாள். மைசூர்பாகை மட்டும் அங்கேயே நின்று தின்று முடித்தாள்.

டவுனைத் தாண்டும்போது எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றுக் கத்தின. அடுத்த நிமிஷம் முரளியின் அம்மாவின் அழைப்பு. முரளி ஓட்டிக்கொண்டிருந்ததால் கார் ஸ்பீக்கரில் வந்தது.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆச்சு அத்தை" என்றாள் சுதா. அத்தோடு முடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், மரங்கள் திரும்ப வர ஆரம்பித்திருந்தன.

"யாரு எண்ணெய் வெச்சது?"

சுதா முன்சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். தலைமுடி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"அக்கா வெச்சாங்க அத்தை. எங்க எல்லாருக்கும் அக்காதான் வெச்சாங்க. அடுத்த வருஷமும் அவங்கதான் வெப்பாங்க."

சிக்னல் போய்விட்டதோ என்று முரளி திரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டார்.

"அந்தக் காட்டுல... தண்ணி பத்துச்சா?"

நான் முன்னால் சாய்ந்து, ஸ்பீக்கருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மிச்சமே இருக்கும்மா."